1 வாட் எல்இடியை வீட்டு கரண்டில் எரிக்க ஃபேன் கெப்பாசிட்டர் போதுமா?

மாடிப்படி:
படி திரும்பும் இடத்தில் ராத்திரி முழுக்க எரிய ஒரு சின்ன விளக்கு வேண்டும். கையில் 1 வாட் வெள்ளை எல்இடி ஒன்று இருக்கிறது (3.2 வோல்ட், 350 மில்லி ஆம்பியர்). பழைய சீலிங் ஃபேனில் கழற்றிய 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கிறது. அதோடு 100 ஓம் ரெசிஸ்டர், ஏசியை டிசியாக்க நாலு 1என்4007 டயோடு சேர்த்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? மாமனார் கெப்பாசிட்டரே வேண்டாம், ரெசிஸ்டர் ஒன்றே போதும் என்கிறார்.

பியூஸ்வயர்:
மாமனார் சொல்கிறபடி ரெசிஸ்டர் மட்டும் போட்டால், அதுவே சுமார் 80 வாட் சூடாகும். 1 வாட் வெளிச்சத்துக்கு மூன்று சால்டரிங் அயர்ன் எரிப்பது மாதிரி.

பட்டறை:
தம்பி, எரியும். எரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 2.5 மைக்ரோஃபாரட் சுமார் 1270 ஓம் தடுக்கும். 230 வோல்ட்டுக்கு 180 மில்லி ஆம்பியர். எல்இடிக்குக் கிடைப்பது அரை வாட், அந்த 100 ஓம் ரெசிஸ்டர் தின்பதோ 3 வாட்டுக்கு மேல்! கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் அன்றைக்கே கருகிவிடும். ரெசிஸ்டரே வேண்டாம் என்று எடுத்துவிடவும் முடியாது. சுவிட்ச் போடும் நொடியில் 230 வோல்ட் ஏசி அலை அதன் 325 வோல்ட் உச்சத்தில் இருந்தால், காலி கெப்பாசிட்டர் வழியாகப் பாயும் வேகத்தில் எல்இடி காலி.

கெப்பாசிட்டர் வழி 5 எம்எம் எல்இடிகளுக்குத்தான் சரி. 275 வோல்ட் ஏசி என்று அச்சடித்த மஞ்சள் பெட்டி எக்ஸ்2 கெப்பாசிட்டர் (வீட்டு கரண்டில் போடவே செய்த பாதுகாப்பு ரகம்), 0.22 மைக்ரோஃபாரட் (மேலே 224 என்று இருக்கும்) போட்டால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர். வரிசையில் ஒரு எல்இடி வைத்தாலும் பத்து வைத்தாலும் கரண்ட் பெரிதாக மாறாது, அதனால் பத்தாகவே வையுங்கள். கெப்பாசிட்டர் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் முனையில் ஷாக் அடிக்கும். 400 வோல்ட் டிசி போட்ட சாதா கெப்பாசிட்டரைக் கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று கொடுப்பார், வாங்காதீர்கள்.

இதில் வீட்டு கரண்டைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. எல்இடி கால், அலுமினியத் தட்டு எல்லாமே கரண்ட் பட்டதாகத்தான் நினைக்க வேண்டும். படியில் குழந்தைகள் கை வைக்கும் உயரம் என்றால் நான் செய்து தரமாட்டேன்.

மாடிப்படி:
குழந்தை கை எட்டும் உயரம்தான். அப்போ செத்துப்போன 9 வாட் பல்பு ஒன்று கிடக்கிறது, அதன் டிரைவரை (எல்இடிக்கு கரண்டை அளந்து கொடுக்கும் சர்க்யூட்) எடுக்கலாமா?

பட்டறை:
வேண்டாம். அதில் எல்இடி சில்லுகள் வரிசையாக இருக்கும், டிரைவர் பல பத்து வோல்ட்டுக்குச் செய்தது. உங்கள் 3 வோல்ட்டுக்கு இறங்கி வராது. அப்புறம் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு கால் சுருள்தான், டிரான்ஸ்பார்மர் இல்லை. அதனால் அதற்கும் ஐசொலேஷன் (வீட்டு கரண்டிலிருந்து பிரிப்பு) இல்லை. (பல்பு செத்ததற்குக் காரணம் அநேகமாக ஒரு சில்லு மேல் தெரியும் கறுப்புப் புள்ளிதான், டிரைவர் நன்றாகவே இருக்கலாம். அது வேறு கதை.)

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் மாதிரி இடத்தில் 300 மில்லி ஆம்பியர் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், 1 வாட் எல்இடி ஒன்று முதல் மூன்று வரை என்று கேளுங்கள். கட்டைவிரல் அளவுதான், சுவிட்ச் பெட்டியில் அடங்கும். மஞ்சள் டேப் சுற்றிய குட்டி டிரான்ஸ்பார்மர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எல்இடி தட்டை ஹீட் சிங்க்கில் (சூட்டை வாங்கும் உலோகத் துண்டு) ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி முடுக்குங்கள்.

மாடிப்படி:
சரி அண்ணே. முதலில் டிரைவருக்கு கரண்ட் கொடுத்து, வோல்ட் பார்த்துவிட்டு எல்இடி தொடுக்கட்டுமா?

பட்டறை:
ஐயோ, தலைகீழ்! சும்மா ஓடும் டிரைவரில் வோல்ட் ஏறி நிற்கும், தொடுத்த நொடியில் மொத்தமும் எல்இடியில் இறங்கும். எல்இடியை முதலில் சால்டர் செய்துவிட்டு, அப்புறம் சுவிட்ச்.