விலை கூடிய பேஸ் கிட்டார், கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேள்வி:
இப்போ இருப்பது நடுத்தர விலை நாலு ஸ்டிரிங் பேஸ். அதைவிட நாலு மடங்கு விலையில் ஒரு அஞ்சு ஸ்டிரிங் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கும் முன் எதைச் சோதிக்கணும்?

பதில் 1:
முதலில் ஆம்ப்பில் மாட்டாமலே வாசிங்க. ஜி ஸ்டிரிங்கில் (மிக மெல்லியது) 5 முதல் 7ஆம் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை ஒவ்வொரு நோட்டையும் நீள விடுங்க. ஒன்று மட்டும் சட்டென்று அடங்கினால் அது டெட் ஸ்பாட். நெக் அந்த அதிர்வை விழுங்குகிறது. விலை கூடியதிலும் வரும், செட்டப் (ஸ்டிரிங் உயரம், நெக் வளைவைச் சரிசெய்வது) செய்தாலும் போகாது. அடுத்து லோ பி, அதாவது கூடுதலாக வரும் தடித்த அஞ்சாவது ஸ்டிரிங். தொளதொளன்னு கேட்டா விட்டுடுங்க. 34 அங்குல ஸ்கேலிலும் (ஸ்டிரிங் அதிரும் நீளம்) இறுக்கமான பி உண்டு, 35 என்பதற்காக மட்டும் நம்பாதீங்க.

பதில் 2:
எடையும் பாருங்க. 4.5 கிலோ தாண்டினால் நீண்ட கச்சேரியில் தோள் தாங்காது. ஸ்ட்ராப்பில் மாட்டிக் கையை எடுங்க. ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனி) கீழே சாய்ந்தால் இடது கைக்கு ஓய்வே இல்லை. ஆக்டிவ் சர்க்யூட் (பேட்டரியில் ஓடும் டோன் சர்க்யூட்) என்றால், பேட்டரி தீர்ந்த பிறகு பாஸிவில், அதாவது பேட்டரி இல்லாமல், ஓடுமா என்று கேளுங்க. சிலதில் சத்தமே வராது.

பதில் 3:
அதற்கு முன் பழைய பேஸுக்கே புது ஸ்டிரிங், ஃப்ரெட் லெவலிங் (ஃப்ரெட்களைச் சம உயரமாக்குவது), செட்டப் செய்து பாருங்க. டோன் மட்டும்தான் குறை என்றால் பிக்கப் (ஸ்டிரிங் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றினாலே போதும். நெக் கைக்கு ஒத்துவரலைன்னா மட்டும் புதுசு வாங்குங்க, அதை மாற்றி அமைப்பது பிக்கப் மாற்றுவதுபோல் சுலபமில்லை.