பேப்பர் அறுந்தால் டிரம் லெவல் ஆடுகிறது: கெயினைக் குறைத்தும் அடங்கவில்லை

உடுமலை இன்ஸ்ட்ருமென்ட்:

வணக்கம். உடுமலை பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில்லில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது மணிக்கு 25 டன் நீராவி தரும், 45 கிலோ பிரஷர் பாய்லர். டிரம் லெவல், அதாவது பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம், 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 30ல் அலாரம், 20ல் ட்ரிப், பாய்லர் தானாக நின்றுவிடும்.

மெஷினில் பேப்பர் ஓடும்போது மணிக்கு 16 டன் நீராவி போகிறது. பேப்பர் அறுந்தால் டிரையர் சும்மா சுற்றும், நீராவி 9 டன்னுக்கு வந்துவிடும். அது கூடப் பரவாயில்லை. திரும்பப் பேப்பர் ஏற்றும்போதுதான் வம்பு. நீராவி சட்டென்று இழுக்கப்பட்டதும் லெவல் இறங்கும் என்றுதானே நினைப்போம்? ஏறுகிறது! 50லிருந்து 62. அதைப் பார்த்து, தண்ணீர் விடும் ஃபீட் வால்வ் 32லிருந்து 17க்கு மூடிக்கொள்கிறது. அடுத்த நாலைந்து நிமிடத்தில் லெவல் மளமளவென்று சரிந்து 28. ஆபரேட்டர் மேனுவலுக்கு மாற்றி அடித்துப் பிடித்துத் தண்ணீர் விடுகிறார். போன மாதம் இரண்டு முறை பிடிக்க முடியாமல் ட்ரிப்.

"லூப் ஆடுகிறது, கெயினைக் குறை" என்றார்கள். (லெவல் விலகினால் கன்ட்ரோலர் வால்வை எவ்வளவு பலமாக நகர்த்துகிறது என்பதுதான் கெயின்.) 1.2ல் இருந்ததை 0.5 ஆக்கினேன். விலகலைக் கூட்டிக்கொண்டே போய்த் திருத்தும் இன்டெக்ரல் 3 நிமிடம், அதைத் தொடவில்லை. இப்போது பேப்பர் அறுந்தாலும் சரி, அறாவிட்டாலும் சரி, அரை மணிக்கு ஒரு தடவை லெவல் மெதுவாக மேலும் கீழும் போய் வருகிறது. முன்பை விட மோசம்.

டிசிஎஸ்ஸில் (கன்ட்ரோல் கம்ப்யூட்டரில்) லெவல், நீராவி, தண்ணீர் மூன்றையும் பார்க்கும் த்ரீ எலிமென்ட் பிளாக் இருக்கிறது. ஆனால் கமிஷனிங் அன்று, முதலில் ஓட்டிப் பார்த்தபோது, அதைப் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் லெவல் 60ஐத் தாண்டியதாம். வந்தவர் லெவலை மட்டும் பார்க்கும் சிங்கிள் எலிமென்டுக்கே மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்படியே ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கன்ட்ரோல் முதுகலை:

அண்ணா, ஏடிஆர்சி (ஆக்டிவ் டிஸ்டர்பன்ஸ் ரிஜெக்ஷன் கன்ட்ரோல்) முயன்று பார்க்கலாமே. சீனாவின் ஹான் ஜிங்சிங் கொண்டுவந்தது, 2009ல் வெளியான அவருடைய கட்டுரை ரொம்பப் பிரபலம். வெளியிலிருந்து வரும் தொந்தரவு எல்லாவற்றையும் ஒரே கணக்காக மொத்தமாக மதிப்பிட்டு அப்படியே கழித்துவிடும். சிமுலேஷனில் வழக்கமான பிஐடி கன்ட்ரோலரை விட அருமையாக வருகிறது.

ஷிஃப்ட் சி:

நான் பாய்லர் ஆபரேட்டர். எங்கள் மில்லில் செய்தது சுலபமான வேலை. பேப்பர் ஏற்றுவதற்கு முன் மெஷின் ஹவுஸிலிருந்து ஒரு போன். டிரையர் நீராவி வால்வை ஒரே மூச்சில் திறக்காமல் மூன்று நிமிடம் எடுத்துத் திறப்பார்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும். மெஷின்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

பழைய அனல்காரன்:

ஷிஃப்ட் சி சொன்னதை இன்றைக்கே செய்யுங்கள். காசில்லாத மருந்து.

லெவல் ஏறுவது பொய் ஏற்றம் தம்பி. 45 கிலோவில் டிரம்முக்குள் தண்ணீர் சுமார் 258 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீராவியை இழுத்ததும் பிரஷர் குறைகிறது. குழாய்களில் இருக்கும் குமிழிகள் உப்புகின்றன, புதிதாகவும் கிளம்புகின்றன. கோலி சோடாவை உடைத்தால் நுரை பொங்குகிறதே, சோடா கூடியா விட்டது? அதே கதை. எதிர்ப்பக்கமும் உண்டு: பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்தால் அடங்குவது போல, 105 டிகிரி ஃபீட் வாட்டரைக் கூட்டினால் லெவல் முதலில் இறங்கி, பிறகுதான் ஏறும். லெவலை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலர் அந்த ஒரு நிமிடம் தப்பான பக்கம்தான் ஓடும். எப்படி ட்யூன் செய்தாலும் ஓடும்.

மாணவத் தம்பிக்கும் இதுதான் பதில். ஏடிஆர்சி தொந்தரவை மதிப்பிடுவது லெவலைப் பார்த்துத்தானே? லெவலே முதல் நிமிடம் பொய் சொன்னால் மதிப்பீடும் பொய்தான். இங்கே தொந்தரவு மறைந்து நிற்கவில்லை. ஸ்டீம் லைனில் ஆரிஃபிஸ் (துளைத் தகடு) போட்டு அதை அளந்துகொண்டிருக்கிறோம். அளக்க முடிந்ததை ஏன் ஊகிக்க வேண்டும்?

த்ரீ எலிமென்ட் செய்வதும் அதைத்தான். நீராவி 7 டன் கூடினால் தண்ணீரையும் 7 டன் கூட்டு என்று உடனே சொல்லிவிடும். அதே நேரம் பொய் லெவல் "குறை" என்று இழுக்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் வால்வ் அந்த ஒரு நிமிடம் பெரிதாக நகராது. நமக்கு வேண்டியது அதுவே. உள்ளே இருக்கும் ஃபீட் ஃப்ளோ லூப்புக்கு வேறு வேலை: பம்ப் மாற்றும்போது தண்ணீர் வரும் ஹெடர் குழாயில் பிரஷர் ஆடினால், அது லெவலுக்கு வந்து சேருமுன் அங்கேயே முடித்துவிடும்.

கெயின் விஷயம். லெவல் தண்ணீர்த் தொட்டி மாதிரி, கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும். கன்ட்ரோலரின் இன்டெக்ரலும் கூட்டுகிறது. இரண்டு கூட்டல் சேர்ந்தால் ஆட்டம்தான், அடக்குவது கெயின். அதைக் குறைத்தால் ஆட்டம் நீளத்தான் செய்யும். நார்வே பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் 2003ல் எழுதிய விதி எனக்குப் பிடித்தது: கெயின், இன்டெக்ரல் நிமிடம், தண்ணீர் 1 சதவீதம் கூடினால் நிமிடத்துக்கு லெவல் ஏறும் வேகம் மூன்றையும் பெருக்கினால் 4க்குக் குறையக் கூடாது.

இரண்டு விவரம் வேண்டும். தண்ணீரை நீராவியை விட 2.5 டன், அதாவது 10 சதவீதம், கூட வைத்தால் லெவல் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது? அப்புறம், லெவல் நிலையாக நிற்கும்போது டிசிஎஸ்ஸில் ஸ்டீம் எவ்வளவு, ஃபீட் எவ்வளவு?

உடுமலை இன்ஸ்ட்ருமென்ட்:

சார், நிமிடத்துக்கு 1.7 சதவீதம். ஸ்டீம் ஃப்ளோ 20 டன் காட்டுகிறது, ஃபீட் 16.3. மேலே நான் 16 என்று சொன்னது ஃபீட் மீட்டரை வைத்து. ஆனால் இங்கே ஃபீட் மீட்டர் மேல்தான் சந்தேகம், லாக் புக்கில் ஒரு வருடமாக "ஃபீட் ஆரிஃபிஸ் தேய்மானம், மாற்றவும்" என்று இருக்கிறது.

பழைய அனல்காரன்:

ஆரிஃபிஸை மாற்றிவிடாதீர்கள்! டிரம் தண்ணீரில் கொஞ்சம் புளோடவுனாக வெளியே போகிறதே, அப்படியானால் உள்ளே வரும் தண்ணீர் வெளியே போகும் நீராவியை விடக் கொஞ்சம் கூடத்தானே இருக்க வேண்டும்? 16.3 டன் தண்ணீரிலிருந்து 20 டன் நீராவி வராது.

ஆரிஃபிஸ் தருவது பிரஷர் வித்தியாசம், அதற்கு ஒரு தடவை ஸ்கொயர் ரூட் எடுத்தால் ஃப்ளோ. ஸ்டீம் டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 25 டன் என்றால் 20 என்பது 0.8. அதை அதாலேயே பெருக்கினால் 0.64. 25ல் 0.64 பங்கு சரியாக 16. ஸ்கொயர் ரூட் இரண்டு தடவை எடுக்கிறீர்கள் தம்பி, டிரான்ஸ்மிட்டரில் ஒன்று, டிசிஎஸ்ஸில் ஒன்று. முழு லோடில் இது தெரியவே தெரியாது, 1க்கு எத்தனை ரூட் எடுத்தாலும் 1தான். கமிஷனிங் அன்று லெவல் ஏறியதும் இதனால்தான்: போகாத 4 டன்னுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டிருக்கிறது. பேப்பர் அறுந்தால் உண்மையில் 16லிருந்து 9, உங்கள் திரையில் 20லிருந்து 15. ஏழு டன் மாற்றத்தில் ஐந்தைத்தான் ஃபீட்ஃபார்வர்டு, அதாவது நீராவியைப் பார்த்துத் தண்ணீரை மாற்றும் பகுதி, பார்க்கிறது.

ஒரு ரூட்டை எடுங்கள், எதையாவது ஒன்றை. 10 சதவீதத்துக்கு 1.7 என்றால் 1 சதவீதத்துக்கு 0.17. கெயின் 1.5 வைத்தால், 4ஐ 1.5ஆலும் 0.17ஆலும் வகுக்க 15.7 வருகிறது. இன்டெக்ரல் 16 நிமிடம் போடுங்கள். உள் லூப்பை முதலில் தனியாக ட்யூன் செய்துவிட்டு வெளியே வாருங்கள். குறைந்த லோடில் த்ரீ எலிமென்ட் வேண்டாம். 25 சதவீத ஃப்ளோவில் ஆரிஃபிஸ் டிபி (பிரஷர் வித்தியாசம்) 6 சதவீதம்தான் இருக்கும், அந்த எண்ணை நம்ப முடியாது. 30 சதவீத ஃப்ளோவுக்குக் கீழே தானாக சிங்கிளுக்குப் போகட்டும்.

உடுமலை இன்ஸ்ட்ருமென்ட்:

சார், இரண்டு ரூட்தான்! டிரான்ஸ்மிட்டரில் ரூட்டை எடுத்துவிட்டு லீனியர் ஆக்கினேன். ஸ்டீம் 16.0, ஃபீட் 16.3. மிச்சம் 0.3 புளோடவுன். லாக் புக்கில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் த்ரீ எலிமென்டில் போட்டேன். நாலு மணிக்குப் பேப்பர் அறுந்தது. நான் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஏற்றும்போது லெவல் 50லிருந்து 58க்குப் போனது, வால்வ் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் திறக்க ஆரம்பித்தது. கடைசியில் 45 வரை இறங்கித் திரும்பிவிட்டது. மெஷின் ஹவுஸ் போனும் தொடங்கிவிட்டோம், மூன்று நிமிடத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டுக்குச் சம்மதித்தார்கள்.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பாய்லர் கிளம்பும்போது ஃப்ளோ 30ஐ ஒட்டி ஊசலாடியதில் சிங்கிளும் த்ரீயும் மாறி மாறித் தாவின. ஏறும்போது 32, இறங்கும்போது 26 என்று பிரித்து வைத்தேன், நின்றுவிட்டது.

பழைய அனல்காரன்:

26 சரி. அதற்குக் கீழே போகாதீர்கள்.