சென்னை – லண்டன்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் பிரசவத்துக்காக உம்மா டிசம்பரில் லண்டன் போகிறார்கள், அதுவும் தனியாக. வயது 66, இரவு பத்து மணிக்கு இன்சுலின். சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும், உடம்பு வியர்த்துக் கொட்டும். பயண நேரத்தைச் சரியாகக் கேட்டு வந்தால்தான் ஊசி நேரத்தை மாற்றித் தர முடியும் என்கிறார் டாக்டர்.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன். டிக்கெட்டில் காலை 5.35க்குப் புறப்பாடு, 10.45க்கு ஹீத்ரோ. ஐந்து மணி நேரம்தான் என்று உம்மாவுக்கு ஒரே சந்தோஷம்! இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைச் சேர்த்தால் 10 மணி 40 நிமிடம். தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர் என்பதால் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்துப் பார்த்தேன், ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மேற்கே போகும்போது எதிர்காற்று இருக்கும், ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரமும் உண்டு என்று துபாயில் இருக்கும் மச்சான் சொன்னார். டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜென்டோ "பதினொன்று, பன்னிரண்டு ஆகும்" என்று கை விரித்துவிட்டார். இறங்கிய பிறகு இமிகிரேஷன் வரிசை வேறு. அந்தக் கணக்கு எவரிடமும் இல்லை.

முந்தின நாளே ரயிலில் சென்னை போய்விடுவோம், அது பிரச்சினையில்லை.

குளிர்காலத்தில் சென்னையிலிருந்து நேர் விமானத்தில் லண்டன் போனவர்களே, விமானக் கதவு மூடியதிலிருந்து ஹீத்ரோவுக்கு வெளியே வந்து நிற்கும் வரை உங்களுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது?