அன்மேன்டு வேபிரிட்ஜ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சிமெண்ட் ஆலை வாயிலில் ஆளில்லாமல் லாரியை எடை போடும் மேடைக்கான (அன்மேன்டு வேபிரிட்ஜ்) இயக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. லாரி மேடை ஏறியதும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். கண்ணாடியில் ஒட்டிய மின்னணு அடையாள அட்டையை (டேக்) இன்னொரு கருவி படிக்கும். முன்னும் பின்னும் தடுப்புக் கம்பம் இறங்கும். எடை அசையாமல் நின்றதும் சீட்டு வரும். அறையில் ஆள் கிடையாது. இதைத் 'தானியங்கி எடைமேடை' எனலாமா? டேர் வெயிட்டுக்கு 'வெற்றெடை' (சரக்கு ஏற்றாத லாரியின் எடை) என்று போட்டிருக்கிறேன். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லுக்கு 'எடையுணரி'.

---

> இதைத் 'தானியங்கி எடைமேடை' எனலாமா?

எடைமேடை சரி, ஊரெங்கும் பலகையில் அதுதான் இருக்கிறது. அதோடு 'தானியங்கி' ஒட்டாது. மேடை என்பது 18 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஓர் இரும்புத் தளம், அடியில் ஆறோ எட்டோ லோடு செல். ஆள் இருந்தாலும் போனாலும் அது அதே இரும்புதான். "இந்த எடை செல்லும்" என்று சொல்வது யார் என்பதில்தான் மாற்றம். பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 76 பரிந்துரையும் எல்லைக்கோட்டை இங்கேதான் போடுகிறது: கிடைத்த எடையை ஏற்கலாமா என்று முடிவு செய்ய ஆள் தேவைப்பட்டால் அது தானியங்காக் கருவி.

ஜன்னல் வழியே ஆபரேட்டர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? பின்சக்கரம் தளத்துக்கு வெளியே நிற்கிறதா, அடுத்த லாரி மூக்கை நுழைத்துவிட்டதா, லாரி ஏறுமுன் காலி மேடை பூஜ்யம் காட்டியதா. முதல் இரண்டையும் இப்போது மேடையின் இரு முனையிலும் உள்ள அகச்சிவப்புக் கதிர் பார்க்கிறது. கதிர் மறைந்தால் பதிவு இல்லை. ஆனால் கதிர்க்கண்ணில் சிமெண்ட் தூசி படிந்தாலும் மறைந்ததாகவே காட்டும். வரிசை தேங்கும், யாராவது ஒருவர் சென்சாரை பைபாஸ் செய்வார், அப்புறம் எந்தச் சக்கரம் வெளியே நின்றாலும் கேட்பாரில்லை. டேகிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஆன்டெனா சாய்வு சரியில்லாவிட்டால் பின்னால் காத்திருக்கும் லாரியின் டேகைப் படித்துவிடும். அதனால் கேமரா படித்த எண்ணும் டேக் சொல்லும் எண்ணும் ஒத்தால்தான் சீட்டு.

தானாக நடப்பது பதிவு. பெயரும் அதையே சொல்லட்டும்: 'தானியங்கி எடைப்பதிவு'.

---

'நிறு' என்ற வினையிலிருந்து ஒரு சொல் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நிறுத்தான் என்றால் எடை போட்டான், நிறுத்தினான் என்றால் ஓட்டத்தை நிறுத்தினான். வினைமுற்றில் பிரிகிற இரண்டும் 'நிறுத்தல்' ஆனதும் ஒன்றாகிவிடும். 'தானியங்கி வாகன நிறுத்தல்' என்று எழுதிப் பாருங்கள், பார்க்கிங் நினைவுதான் வரும். 'நிறை'யும் உதவாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை, எடை என்று வருபவை இலங்கைப் பாடநூலில் முறையே திணிவு, நிறை. ஒரே சொல் இரண்டு கரையில் இரண்டு பொருள். 'எடை'க்கு இந்த வம்பு இல்லை, 'எடை போடு' எல்லார் வாயிலும் வருவது.

லோடு செல்லை மாற்றாதீர்கள். கடையில் போய் எடையுணரி கேட்டால் என்ன கிடைக்கும்?

---

> டேர் வெயிட்டுக்கு 'வெற்றெடை' என்று போட்டிருக்கிறேன்

பழைய சொல் ஒன்று இருக்கிறது: தடைகட்டுதல். நெய் வாங்க வந்தவரின் தூக்குவாளியை ஒரு தட்டில் வைத்து, அதற்குச் சமமாக மறு தட்டில் கல் வைப்பது. அருமையான சொல்தான், ஆனால் திரையில் 'தடை' என்று ஒளிர்ந்தால் எதிரே கம்பத்தைப் பார்க்கும் ஓட்டுநர் வண்டியை எடுக்கவே மாட்டார். 'காலி எடை' போதும்.

ஆனால் கையேட்டில் காலி எடை இரண்டு வகை. ஒன்று அந்த நடையிலேயே போட்டது. மற்றது முன்பு போட்டுக் கணினியில் வைத்திருப்பது, ஒரே ஏற்றத்தில் வேலையை முடிக்க உதவுவது. இரண்டாவதைக் கட்டாயம் 'சேமித்த காலி எடை' என்று பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் தவறு நுழைவது அங்கேதான். 400 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் டீசல் மட்டும் ஏறத்தாழ 330 கிலோ. எடையைப் பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும் 60 டன் மேடையில், முதல் சரிபார்ப்பின்போது 20 டன்னுக்கு மேல் ஆர் 76 அனுமதிக்கும் பிழை 15 கிலோ. மேடையை எவ்வளவு கச்சிதமாகச் சரிபார்த்து என்ன, டேங்க் அதைப் போல் இருபது மடங்கு பொய் சொல்லும். ஸ்டெப்னி, தார்ப்பாய், தளத்தில் ஒட்டிய சேறு எல்லாம் கணக்கில் தனி. ஆகவே சேமித்த காலி எடைக்குக் காலாவதி நாளும் வேண்டும், மறுபடி எடை போட்டால்தான் அது புதுப்பிக்கப்பட வேண்டும்.

---

'தானியங்கி எடைப்பதிவு', 'காலி எடை', 'சேமித்த காலி எடை' மூன்றையும் ஏற்றுக்கொண்டேன். லோடு செல் அப்படியே இருக்கும். ஓட்டுநர் பார்க்கும் திரைக்கு 'எடைப்பதிவு தோல்வி' என்று எழுதியிருந்தேன்.

---

அதைப் படித்து அவர் என்ன செய்வார்? கதிர் எந்த முனையில் மறைந்தது என்பது கணினிக்குத் தெரியும். 'பின்சக்கரம் மேடையில் இல்லை. ஓரடி முன்னே எடுங்கள்' என்று போடுங்கள்.