பத்து நாளில் கடி நிற்குமா?

கெடிலக்கரை:
லேப்ரடார் வீட்டு ஆளையே கடிக்கிறது, டாக்டரிடம் போவதா ட்ரெய்னரிடம் போவதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். டாக்டரெல்லாம் வேண்டாம். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ட்ரெய்னர் இருக்கிறார். கழுத்தில் முள் பெல்ட் போட்டு நாலு இழுப்பு, பத்தே நாளில் எங்கள் நாய் கப்சிப்.

லாஸ்பேட்டை வாசி:
இந்தப் பத்து நாள் பேச்சைக் கேட்டாலே வயிறு எரிகிறது. எங்கள் நாய் 4 வருடம் பரம சாது. திடீரென்று, மகன் தலையைத் தடவப் போனாலே உறுமியது. பத்து நாள் கணக்குச் சொன்ன ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்தோம். உறுமல் நின்றது உண்மை, ஆனால் பதினோராம் நாள் உறுமாமலே கடித்துவிட்டது. அப்புறம்தான் குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் இடது காதை மடித்துக் காட்டினார், உள்ளே பழுப்பாக அழுக்கு கட்டி, தோல் சிவந்து வீங்கி, ஒரே நாற்றம். அந்த வலியோடு இருந்த பிள்ளையைத்தான் முள் பெல்ட்டில் இழுத்திருக்கிறோம்.

கெடிலக்கரை:
உங்கள் நாய்க்குக் காது வலி, சரி. எங்கள் நாய்க்கு என்ன வலி? பத்து நாளில் அடங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். டாக்டர் ஊசி போடுவார், ஒழுக்கம் சொல்லித் தருவாரா? பாண்டிக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பெரிய ஆஸ்பத்திரி.

முத்தியால்பேட்டை அக்கா:
இதில் பாண்டி எங்கே வந்தது? உங்கள் ஊர்க்காரர்கள் ஜிப்மருக்கு வருவதே இல்லையா? நான் ராஜபாளையம் வளர்க்கிறேன், ஒரு தொல்லை கிடையாது. வெளிநாட்டு நாய் வாங்கினால் இப்படித்தான்.

லாஸ்பேட்டை வாசி:
அக்கா, எந்த நாய்க்கும் காது வலிக்கும். கெடிலக்கரை, நம் நாட்டில் ட்ரெய்னர் என்று போர்டு மாட்ட ஒரு படிப்பும் கட்டாயமில்லை, கால்நடை டாக்டருக்கு ஐந்தரை வருடப் படிப்பு. வலியா, தைராய்டா என்று அவர் பார்த்த பிறகு, அடிக்காமல் தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறவரிடம் போகலாம். அடிக்காமல் பழக்க வேண்டும் என்றுதான் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கமும் 2021-இல் சொன்னது. உறுமல் என்பது எச்சரிக்கை, அதை அடக்கினால் பயம் உள்ளேயே இருக்கும்.

கெடிலக்கரை:
அமெரிக்கா எதற்கு? பத்து நாளில் நின்றதா இல்லையா, அதைச் சொல்லுங்கள். போன வருடம் நான் குட்டி தருகிறேன் என்று எழுதியபோதும் எல்லார் முன்னாலும் தடுப்பூசிச் சீட்டு கேட்டவர்தானே நீங்கள். மறக்கவில்லை.

லாஸ்பேட்டை வாசி:
இன்றைக்கும் கேட்பேன். அந்தச் சீட்டை நீங்கள் இன்னும் காட்டவில்லை.

வில்லியனூர் தம்பி:
கேட்டது நான்தான். நேற்று அப்பாவையும் கடித்துவிட்டது, லேசான கீறல்தான்.

லாஸ்பேட்டை வாசி:
கீறல் என்று விடாதே தம்பி. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இப்போதே ஜி.எச். கூட்டிப்போய் அப்பாவுக்கு ஊசி போடு. நாளைக்கு நாயோடு குரும்பாபேட் போ. பத்து நாள் கதையை நம்பாதே.

கெடிலக்கரை:
கதையா? ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு வாருங்கள், நாயைக் கூட்டி வருகிறேன். பத்து நாளில் அடங்கியதா என்று நேரில் பாருங்கள்.

லாஸ்பேட்டை வாசி:
வருகிறேன். முள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டி வாருங்கள்.

கெடிலக்கரை:
அதெப்படிக் கழற்ற முடியும்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும்.