போதுமான விறகு சேர்ந்த பிறகும் கை நிற்கவில்லை: எங்கே நிறுத்துவது?

சுள்ளிக்கட்டு கேட்டது:

வரும் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு எனக்குக் கோடை முடியும் முன்பே சேர்ந்துவிட்டது. அதற்கடுத்த குளிர்காலத்துக்கானதும் பாதிக்கு மேல் அடுக்கில் ஏறிவிட்டது. இருந்தாலும், காற்றுக்கு முறிந்த கிளை ஒன்று வழியோரம் கிடப்பதைக் கண்டால் அதை விட்டுவிட்டு வர மனம் கேட்பதில்லை. யாராவது மரத்தைச் சாய்க்கிறார்கள் என்றால், கட்டைகளை என்ன செய்யப்போகிறார்கள் என்று விசாரிக்காமல் அந்த இடத்தைக் கடக்க முடிவதில்லை. கொண்டுவந்து, அளவாக அறுத்து, பிளந்து, பட்டை மேலே இருக்கும்படி அடுக்கி முடித்து, சற்றுத் தள்ளி நின்று அந்த வரிசையைப் பார்க்கும்போது ஒரு நிறைவு வருகிறது. அதே விறகை எரித்துக் குளிர்காயும்போதுகூட அந்த அளவு நிறைவு வருவதில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

பிளக்கும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மயிரிழை வெடிப்பைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே கோடாரி இறங்கும்படி வீசினால் கட்டை ஒரே அடியில் இரண்டாகிவிடும். அதுவரை வெளிச்சமே படாத முகம் ஈரத்தோடும் வாசத்தோடும் திறக்கும். நடுவில் கணு இருந்தால் கோடாரி பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்போது கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, கணுவை ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிளந்து வர வேண்டும். எந்தக் கட்டை எப்படி இடம் கொடுக்கும் என்று கணிப்பது எனக்கு அலுப்பதே இல்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்த இன்பம் எங்கிருந்து வருகிறது? தேவைக்கு மேல் சேர்த்துக்கொண்டே போவது ஒரு கட்டத்தில் நோயாக மாறக்கூடியதா? எவ்வளவு இருந்தால் போதும் என்று சொல்ல ஏதாவது ஓர் அளவுகோல் உண்டா? நாள்பட்ட விறகில் சூடு குறையும் என்று சிலர் சொல்வது உண்மைதானா?

கணப்பு எழுதிய மறுமொழி:

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கணக்கு தெளிந்துவிட்டால் மனத்தைப் பற்றிய கேள்வியும் பாதி தெளிந்துவிடும்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிய விறகு, கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். எடையில் பாதி நீராக இருக்கும் பச்சை விறகு, கிலோவுக்கு ஏறக்குறைய அதில் பாதியைத்தான் தரும். அதில் எரியக்கூடிய மரமே குறைவு; அந்த மரம் தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு, உள்ளிருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த பீச், ஓக் போன்ற கனமரத்தை ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கினால் அதில் சுமார் 2,000 கிலோவாட் மணி இருப்பதாகக் கொள்ளலாம். பைன், ஸ்புரூஸ் போன்ற இலேசான மரங்களில் 1,500-ஐ ஒட்டியிருக்கும். இதில் அறைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது அடுப்பைப் பொறுத்தது. கதவு உள்ள நல்ல இரும்பு அடுப்பு முக்கால் பங்கை அறைக்குக் கொடுக்கும். திறந்த கணப்பில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மற்றதைப் போலப் பல மடங்கு விறகு தேவைப்படலாம். சென்ற குளிர்காலத்தில் எத்தனை கன மீட்டர் அடுக்கு கரைந்தது என்று நீங்களே அளந்து வைத்திருந்தால், வேறு எந்தப் பொதுக்கணக்கையும்விட அதுவே உங்களுக்கு நம்பகமானது.

நாள்பட்டால் சூடு குறைவது, விறகு நனைந்து உளுத்துப் போகும்போதுதான். வெப்பம் தருவது மரத்தின் செல்லுலோசும் லிக்னினும். அவை தாமாக ஆவியாகிப் போவதில்லை. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் விறகில் அது வளராது. மேலே கூரை, பக்கங்களில் தாராளமான காற்றோட்டம், அடியில் தரையின் ஈரம் ஏறாதபடி கல்லோ சட்டமோ இருந்தால் விறகு பல ஆண்டுகள் கெடாமல் நிற்கும். அடுக்கை நான்கு பக்கமும் தார்ப்பாயால் தரைவரை போர்த்திவிடுவதுதான் பலர் செய்வது. அப்போது உள்ளே கிளம்பும் ஈரம் வெளியேற வழியின்றி விறகிலேயே படிந்துவிடும்.

காய்வதற்கு ஆகும் காலமே உங்கள் அளவுகோலை முடிவு செய்கிறது. மரத்தில் நீர் குறுக்கே நகர்வதைவிட நார் ஓடும் திசையில் பல மடங்கு வேகமாக நகரும். அதனால்தான் கட்டையைக் குட்டையாக அறுக்கிறோம். பிளப்பது, பட்டை மூடிய பக்கத்தையும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. பிளந்த பைன் ஒரு முழுக் கோடையில் காய்ந்துவிடும். ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். தடித்த பிளவுகளாக இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். எனவே ஓக் எரிப்பவரிடம் இந்தக் குளிரில் எரிக்க ஒன்று, அடுத்த குளிருக்குக் காய்ந்துகொண்டிருப்பது ஒன்று, அதற்கடுத்ததற்காக இப்போதுதான் பிளந்து வைத்தது ஒன்று என மூன்று குளிர்காலத்து விறகு இருப்பதுதான் முறை. நீங்கள் இன்னும் அந்த எல்லையைத் தொடவே இல்லை. இரண்டாம் ஆண்டுக்கு முன்கூட்டியே சேர்ப்பதைப் பேராசை என்று யாராவது சொன்னால், அவர் எரிப்பது ஈர விறகாக இருக்கும் என்றே நான் நினைப்பேன். அந்தப் புகையிலிருந்து புகைபோக்கியின் உட்சுவரில் படியும் கிரியோசோட் என்னும் கரும்பிசின்தான் பிற்பாடு புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கக் காரணமாகிறது.

மூன்று குளிர்காலத்துக்கு மேல் சேர்ப்பதற்கு மரத்தின் பக்கமிருந்து எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

தணல் எழுதிய மறுமொழி:

கணப்பு அவர்களின் கணக்கை ஏற்கிறேன். இன்பத்தைப் பற்றிய கேள்விக்கு நான் முயல்கிறேன்.

சேர்த்து வைப்பதில் மனிதன் தனித்தவன் அல்லன். அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் வாழும் ஒரு மரங்கொத்தி, காய்ந்த மரத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஓக் காயைச் செருகி வைக்கிறது. காய் உலர்ந்து சுருங்கித் துளையில் தளர்ந்துவிட்டால், அதை எடுத்துச் சிறிய துளை ஒன்றுக்கு மாற்றுகிறது. இந்த இடம் மாற்றும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் விறகு சேர்க்கும் ஒவ்வொருவரும் இதைத்தான் செய்கிறோம்: காய்ந்ததை முன்னுக்குக் கொண்டுவருகிறோம், சரிந்த வரிசையை நிமிர்த்துகிறோம், இடைவெளி கண்ட இடத்தில் பொருத்தமான துண்டைச் செருகுகிறோம். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய தீயின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தீயை அணையாமல் காத்தவர்களுக்கு விறகு தேடுவது அன்றாட வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆயினும் இதை இரத்தத்தில் ஊறிய உணர்வு என்று ஒரே வரியில் முடித்துவிட நான் விரும்பவில்லை. குளிர் நாடுகளில் பிறந்தும் விறகின்மேல் எந்த ஈர்ப்பும் இல்லாதவர்கள் ஏராளம்.

எனக்கு இன்னும் அருகிலிருக்கும் காரணமே போதும் என்று தோன்றுகிறது. நம்முடைய உழைப்பில் பெரும்பகுதி எங்கே போய்ச் சேர்கிறது என்று நமக்கே தெரிவதில்லை. ஒரு நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு எழுந்தால் கண்ணுக்குத் தெரிய எதுவும் எஞ்சுவதில்லை. எழுதிய கடிதத்துக்குப் பதில் கடிதம் வருகிறது, தீர்த்த சிக்கலின் இடத்தில் வேறொரு சிக்கல் வந்து நிற்கிறது. விறகு அப்படியல்ல. அரைநாள் உழைத்தால் அரைநாளின் உயரத்துக்கு அடுக்கு எழுந்திருக்கிறது, மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருக்கிறது, யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டிய அவசியமின்றி அது நிறைவுற்றதாக இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த உழைப்பு நேரடியாகத் தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் குளிரிலிருந்து காக்கப்போகிறது என்ற உறுதியும் கூடவே வருகிறது. வருங்காலத்தைப் பற்றிய கவலையில் ஒரு சிறு பகுதியையாவது கையால் தொட்டுத் தீர்க்க முடிவது சாதாரணமான ஆறுதல் அன்று. எரிக்கும்போது அந்த நிறைவு கிடைக்காததும் இதனால்தான். எரியும்போது அடுக்கு குறைகிறது அல்லவா?

நோயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், பொருட்களைக் குவிக்கும் கோளாறு தனி நோயாக இடம்பெற்றது. எவ்வளவு சேர்ந்தது என்பதை வைத்து மட்டும் அது நிர்ணயிக்கப்படுவதில்லை. பொருளைக் கைவிடவே முடியாமை, கைவிட நேர்ந்தால் வரும் கடுமையான துயரம், வாழும் இடம் புழங்க முடியாதபடி அடைந்துபோவது, அதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவது ஆகியவையே அதன் அடையாளங்கள். மருத்துவரின் இடத்தில் நின்று நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் அதிலிருந்து கிடைக்கின்றன. குளிர் வந்ததும் தயக்கமின்றி அந்த அடுக்கிலிருந்து எடுத்து எரிக்கிறீர்களா? விறகு தீர்ந்துபோன அயலார் ஒருவர் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பீர்களா? வீட்டாரின் நடைபாதையும் வெளிச்சமும் அடைபடாமல் இருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால், உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல பொழுதுபோக்கு. அழகாக இருக்கிறதென்று அடுக்கைத் தொட மனமின்றி, குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரும் நாள் வந்தால், அப்போது கவலைப்படுங்கள்.

வனப்பாதை எழுதிய மறுமொழி:

இருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வழியோரம் கிடக்கும் கிளை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்ற எண்ணம் சரியன்று. விழுந்து மட்கும் மரத்தை நம்பி வண்டுகளும் பூஞ்சைகளும் பாசிகளும் வாழ்கின்றன. அவற்றை நம்பிப் பறவைகள் வாழ்கின்றன. பட்டை கழன்று, அமுக்கினால் விரல் பதியும் அளவுக்கு மென்மையான கட்டை அடுப்பில் சரியாக எரியாது. காட்டில் அதற்கு ஈடாக வேறொன்றில்லை. அதை எடுக்காமல் வர உங்களைப் பழக்கிக்கொள்ளுங்கள். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொலைவிலிருந்து விறகு கொண்டுவருவதையும் தவிர்க்க வேண்டும். ஆஷ் மரத்தைத் துளைக்கும் ஆசிய வண்டு ஒன்று 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் மறைந்திருப்பதால், மக்கள் வண்டிகளில் ஏற்றிச் சென்ற விறகோடு அதுவும் பயணம் செய்து, கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது. கிடைத்த ஊரிலேயே விறகை எரித்துவிடுவதுதான் பாதுகாப்பு. சாயம் பூசிய பலகைகளையும், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய வேலிக்கால்களையும் எவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஆர்செனிக் உண்டு, எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வந்து சேரும்.

சுள்ளிக்கட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. தணல் அவர்களின் மூன்று கேள்விகளுக்கும் என்னால் ஆம் என்று சொல்ல முடிகிறது. கணப்பு அவர்கள் சொன்ன மூன்று குளிர்காலம் என்ற எல்லையை ஏற்றுக்கொள்கிறேன். வைக்கும் இடத்தையே அதற்கு ஏற்ப வரையறுத்துவிட்டால், இடம் நிரம்பியதும் சேர்ப்பது தானாக நின்றுவிடும்.

இப்போதே ஒரு சோதனை வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், சென்ற ஆண்டு சாய்த்த பர்ச் மரத்தை உருட்டுக் கட்டைகளாக அறுத்துப் பிளக்காமல் போட்டு வைத்திருக்கிறார், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இன்னும் இடம் இருக்கிறது. எடுத்துவரலாமா?

கணப்பு எழுதிய மறுமொழி:

பார்த்துவிட்டு எடுங்கள். பர்ச் மரத்தின் பட்டை நீரை வெளியே விடாது. பிளக்காமல் கிடந்தால் வெளியே வெள்ளையாக, புதிதுபோலத் தெரியும்போதே உள்ளே உளுத்திருக்கும். கோடாரியைக் கையோடு கொண்டுபோய், அடியில் கிடக்கும் கட்டைகளில் இரண்டொன்றை அங்கேயே பிளந்து பாருங்கள். பிளந்த முகம் வெளிர் நிறமாக இருந்து நார் நேராகக் கிழிந்தால் நல்ல விறகு. உடனே கொண்டுவந்து பிளந்து காயவைத்தால் அடுத்த குளிருக்கு ஆகும். பழுப்புத் திட்டுகளோ கருங்கோடுகளோ ஓடி, நார் கிழியாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் அதை எடுக்க வேண்டாம். ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கும் சோதனை காய்ந்த விறகுக்குத்தான் பொருந்தும். ஈரக் கட்டை நல்லதாக இருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கும்.

கெட்டுப்போனவற்றிலிருந்து பட்டையை மட்டும் உரித்து வாங்கி வாருங்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். தீ மூட்ட அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.