ஒரு மாசக் கணக்கு

அலைகரை:
சுற்றாடல் உரிமையைப் பற்றி இஞ்ச கனபேர் கதைக்கிறியள். நான் பட்டதைச் சொல்லுறன்.

எங்கட குளத்தின்ர அலைகரையில ஒருநாள் விடிய பெக்கோ நிண்டது. தூர்வார வந்திருக்கினமாக்கும் எண்டு நினைச்சம். ஆனா ஏத்தினது வண்டல் இல்லை, கிரவல். ரிப்பர் போய்வந்து, ஒரு கிழமையில குளக்கட்டுப் பாதை நடுவில வரம்பாட்டம் எழும்பி, ரெண்டு பக்கமும் முழங்கால் பள்ளம். அம்மா கிணத்துத் தண்ணியைப் பழைய வேட்டியில வடிச்சுத்தான் தேத்தண்ணிக்கு வைச்சவ. வேட்டி செங்கட்டி நிறத்துக்கு வந்திட்டுது.

விதானையாரிட்டக் கேட்டன். "பெர்மிட் இருக்காம் தம்பி." நீங்கள் பாத்தனீங்களோ எண்டா சிரிப்புத்தான்.

சரியெண்டு 2016 ஆம் ஆண்டுத் தகவலறியும் சட்டத்தில கடிதம் குடுத்தன். தாறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கவே 14 வேலை நாள். தாறதெண்டால் அதுக்குப் பிறகு இன்னொரு 14 நாள். பிரதி கைக்கு வந்தது 38 ஆம் நாள். பாத்தா, வேற காணிக்குக் குடுத்த பெர்மிட்! புழுகத்தோட வவுனியாவில ஒரு சட்டத்தரணியிட்டக் கொண்டுபோனன். அவ பேப்பரைப் பாக்க முதலே கேட்டா: "எப்ப தொடங்கினது?"

இலங்கை அரசியல் யாப்பின்ர 126 ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போடவேணுமாம். எனக்கு அந்த மாசம் கடிதத்துக்குக் காத்திருந்ததிலயே போயிட்டுது. அரசு சுற்றாடலைப் பாதுகாக்கவேணும் எண்டு யாப்பில 27(14) இருக்கு. ஆனா அதை வைச்சு நீதிமன்றத்துக்குப் போகேலாது எண்டு 29 சொல்லுது. இலையில சோத்தைப் போட்டிட்டுக் கையைக் கட்டிவிட்ட கதை.

மல்லாவி மருமகள்:
அப்பிடிக் கைவிடாதேங்கோ அண்ணை. நான் பிறந்தது சுண்ணாகம். எங்கட வீட்டுக் கிணத்தில வாளியை விட்டா மேல எண்ணெய்ப் படலம் மினுங்கும், தோய்ச்ச உடுப்பிலயும் மணம். மின் நிலையத்து எண்ணெய் நிலத்தடித் தண்ணியில கலந்ததெண்டு 2015 இல வழக்குப் போட்டது, போட்டவர் எங்கட ஊராளும் இல்லை. 2019 இல உயர் நீதிமன்றம், கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறினது 12(1) மீறல் எண்டு தீர்ப்புச் சொல்லி, மின் நிலையக் கொம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. சமத்துவ உரிமைக்குள்ளால நல்ல தண்ணியைக் கொண்டுவந்திட்டினம். ஆனா நாலு வருசமா குடிதண்ணிக்கு பவுசரைப் பாத்துக்கொண்டிருந்த அக்காவிட்டத் தீர்ப்பைச் சொன்னா, "இண்டைக்கு பவுசர் வருமோ?" எண்டுதான் கேட்டா.

நெடுங்கேணி:
கடிதம் எழுதின அண்டைக்கே மனித உரிமைகள் ஆணைக்குழுவிலயும் முறைப்பாடு குடுத்திருக்கவேணும். ஒரு மாசத்துக்குள்ள குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த மாசக் கணக்கில சேராது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில 13 ஆம் பிரிவு. சும்மா முறைப்பாட்டுத் துண்டைக் காட்டினாக் காணாது, விசாரணை நடக்குது எண்டதுக்கு எழுத்தில ஏதும் வாங்கி வையுங்கோ. எங்கட மணல் பிரச்சினையில அதை வாங்காமல் விட்டுத்தான் கெட்டம்.

அலைகரை:
உதை ஆரும் அப்ப சொல்லேல்லையே!

பெக்கோ மாரி தொடங்கவே போயிட்டுது, எங்களால இல்லை, சேத்தால. கிடங்கு அப்பிடியே கிடக்கு. போன கார்த்திகையில ஒரு நாம்பன் விழுந்து செத்தது. கமக்கார அமைப்புக் காசில சுத்திவர முள்ளுக்கம்பி அடிச்சிருக்கிறம். பொதுத் தொல்லை எண்டு நீதவான் நீதிமன்றத்தில குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 98 ஆம் பிரிவில போகலாமாம். கிடங்கை மூடுவிக்க அப்பிடிப் போனவை ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.